இருபத்தொரு தடவை ஊதியவள்

ஒரு சொட்டுச் சாராயம்கூட ஸ்லாவ்கா மினேவாவின் வயிற்றில் தங்கியதில்லை. அதைக் கொள்கை என்று சொல்லிக்கொள்ள அவளுக்கே கூச்சம். வயிறு ஏற்றுக்கொள்ளாது, அவ்வளவுதான். கல்யாணத்தன்று மாமனார் வற்புறுத்திக் கொடுத்த ஒரு மடக்கு ராக்கியா என்ற பிளம்ஸ் பழச் சாராயம், மூன்றாம் நிமிடமே மாமனாரின் புதுச் சட்டைமேல் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் யாரும் அவளை வற்புறுத்தவில்லை. அவள் கணவன் ஸ்பெயினுக்கு ஸ்ட்ராபெர்ரி பறிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டபோது, "குடிக்காத பொம்பளையோட எவன் குடும்பம் நடத்துவான்" என்று மாமனார் பேசியதாகக் கேள்வி.

டான்யூப் கரையில் இருக்கும் ஸ்லாதோபிரோத் ஊரில், மேலே மின்கம்பியைத் தொட்டு ஓடும் டிராலி பஸ்களின் பணிமனையில் இருபத்தாறு வருடங்களாக அவள் வண்டி ஓட்டுகிறாள். வயது ஐம்பத்து மூன்று. அதற்கு முன்பு ஊரின் காலுறை ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தாள். ஆயிரம் ஜோடி காலுறைக்கு ஐம்பதை உருவி எடுத்து, எத்தனையில் ஓட்டை என்று எண்ணி, மொத்தச் சரக்கும் தேறுமா தேறாதா என்று சொல்லுகிற வேலை. ஆலை மூடியது. ஆனால் ஐம்பதைப் பார்த்து ஆயிரத்தைச் சந்தேகப்படும் பழக்கம் அவளை விட்டுப் போகவில்லை.

பணிமனையில் நாற்பத்தெட்டு ஓட்டுநர்கள். தினமும் காலையில் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு ஆறு பேரைப் பொறுக்கும். அந்தப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். பெயர் வந்தவர்கள் வண்டி எடுப்பதற்கு முன்னால் மருத்துவ அறைக்குப் போய்க் குழாயில் ஊதிவிட்டுப் போக வேண்டும். குடித்திருந்தால் குட்டு வெளிப்படும். ஊதுவதில் ஸ்லாவ்காவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஊதினாள், பூஜ்ஜியம் வந்தது, கையெழுத்துப் போட்டாள், போனாள்.

அக்டோபர் கடைசியில்தான் ஏதோ உறுத்தியது. சமையலறைக் காலண்டரில் ஊதின நாளுக்கெல்லாம் ஒரு புள்ளி வைத்திருந்தாள். எண்ணிப் பார்த்தால் எட்டுப் புள்ளிகள். இருபத்து நான்கு வேலை நாளில் எட்டு. எட்டில் ஒருவரைத்தானே பொறுக்குகிறார்கள்? கணக்குப்படி மூன்று வர வேண்டும். நான்கு வரட்டும், ஐந்துகூட வரட்டும். எட்டா?

அதற்குள் மற்றவர்களும் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். ஓய்வறையில் கான்ச்சோ என்ற ஓட்டுநர் இருந்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன்.

"அக்கா, நேத்து என்ன, பிளம்ஸா திராட்சையா?"

"உங்கப்பன் காய்ச்சினதுடா. அதான் இன்னும் குமட்டுது" என்றாள் ஸ்லாவ்கா.

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சிரித்து முடித்த பிறகு இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை அவள் கவனித்தாள். அடுத்த வாரம் ரயிலடி நிறுத்தத்தில் பத்திரிகைக் கடைக்காரி மிச்சச் சில்லறையை நீட்டும்போது ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் அதிகமாகவே குனிந்தாள். மோந்து பார்க்கிறாள் என்று ஸ்லாவ்காவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் காது மடல் வரை சூடேறியது. இப்படி ஒருத்தியையே கூப்பிட்டு ஊதச் சொன்னால் ஊர் என்ன நினைக்கும்? காரணம் இல்லாமல் கூப்பிடுவார்களா என்றுதான் நினைக்கும்.

யார் வேலை இது என்று யோசித்தாள். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. பணிமனை மேலாளர் கிரஸ்தியோ.

செப்டம்பரில் ஒரு டிராலி பஸ் பிரேக் பிடிக்காமல் சந்தை மதிலில் இடித்தது. ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எழுதிய அறிக்கையில் சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொல்லி கிரஸ்தியோ அவளிடம் நீட்டினார். "பிரேக் சரியில்லைன்னு ரெண்டு வாரமா சொல்லிட்டிருந்தோமே அண்ணே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவர் பேனாவின் மூடியை மெதுவாகத் திருகி மூடினார். ஊதுகிறவர்கள் பட்டியலின் அடியில் இருப்பது அவர் கையெழுத்துத்தான். தினமும் அவரே கொண்டுவந்து பலகையில் ஒட்டுகிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

மருத்துவ அறையில் நர்ஸாக இருந்த பவ்லினாவிடம் மட்டும் மனதில் இருந்ததைச் சொன்னாள். இருபது வருடச் சிநேகிதம். பன்னிரண்டரை மணிக்கு, இரண்டாம் ஷிப்ட் தொடங்குவதற்கு முன்னால், இருவரும் அந்த அறையில் உட்கார்ந்து காபி குடிப்பார்கள். பவ்லினா வீட்டிலிருந்து பனீட்சா கொண்டுவருவாள். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்டது, தாளில் சுற்றி, இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்.

"அந்த ஆள்தான் என் பேரை நுழைக்கிறான்னு நினைக்கிறேன், பவ்லினா."

பவ்லினா பனீட்சாவைப் பிய்த்து அவள் பக்கம் நகர்த்தினாள். "விடுடி. ஊதிட்டுப் போ. உனக்கென்ன பயம்?"

"பயம் இல்ல. ஏன்னு தெரியணும்."

"அவரைப் பத்தி எனக்கென்ன தெரியும்" என்றாள் பவ்லினா. "கண்ணே சரியில்லாத ஆளு."

ஓய்வறையின் மூலையில் தொழிற்சங்கத்தின் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. சீட்டாட்டத்துக்குத்தான் அது பயன்பட்டது. ஆலையில் பென்சிலால் போட்ட கணக்கை அதில் எக்செல்லில் போட்டுப் பார்க்கலாம் என்று ஸ்லாவ்காவுக்குத் தோன்றியது. ஒரு நெடுவரிசையில் பூஜ்ஜியம் முதல் இருபத்து நான்கு வரை எண்களை அடித்தாள். பக்கத்து நெடுவரிசையில், ஒரு மாதத்தில் ஒருவர் பெயர் அத்தனை தடவை வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று வரிசையாகக் கணக்கிட வைத்தாள். அதற்குப் பிறகு 'ப்ராப்' என்று ஒரு சூத்திரம். இந்த இரண்டு நெடுவரிசைகளையும் காட்டி, கீழே இந்த எண், மேலே இந்த எண் என்று எல்லை சொல்லிவிட்டால், அந்த எல்லைக்குள் விழுவதற்கான வாய்ப்பு முழுவதையும் கூட்டி ஒரே கட்டத்தில் கொண்டுவந்து வைத்துவிடும்.

ஒன்றிலிருந்து ஐந்து என்று கொடுத்தாள். நூற்றுக்கு எண்பத்தொன்பது என்று வந்தது. அதாவது பெரும்பாலான ஆட்கள் பெரும்பாலான மாதங்களில் அதற்குள்தான் இருப்பார்கள். எட்டிலிருந்து இருபத்து நான்கு என்று கொடுத்தாள். ஆயிரத்துக்கு ஏழுகூட இல்லை. நூற்று நாற்பத்தாறில் ஒன்று.

தாளில் அச்செடுத்து எடுத்துக்கொண்டு நேராக கிரஸ்தியோவின் அறைக்குப் போனாள். அவர் தக்காளியை நறுக்கி உப்புத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். தாளை வாங்கிப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இதை நீயா போட்ட?"

"நான்தான்."

"நூத்தி நாப்பத்தாறுல ஒன்னு. சரி. நாம எத்தனை பேரு இங்க?"

"நாப்பத்தெட்டு."

"அப்போ மூணு மாசத்துக்கு ஒரு தடவை நம்மள்ல யாராவது ஒருத்தருக்கு இப்படி விழுந்தே தீரும். இந்தத் தடவை உனக்கு விழுந்திருக்கு. லாட்டரியில விழுந்தா மட்டும் சந்தேகப்படாம வாங்கிப்பியா?"

அவள் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அவர் சொன்னது சரி. தப்பே கிடையாது. ஆலையில் அவளுடைய மேற்பார்வையாளர்கூட இதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் வெளியே வந்து படியிறங்கும்போது வேறொன்று தோன்றியது. இந்த மனுஷனுக்கு எப்படி இவ்வளவு சீக்கிரம் பதில் வந்தது? பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் மாதிரி அல்லவா பேசினார்!

நவம்பர் முதல் நாளிலிருந்து பலகையில் ஒட்டும் பட்டியலைத் தினமும் போனில் படம் எடுத்தாள். தன் பெயர் மட்டுமல்ல, ஆறு பேருடைய பெயரும் வேண்டும். கான்ச்சோ பார்த்துவிட்டு, "அழகா இருக்கா அக்கா? சட்டம் போட்டு வீட்டுல மாட்டுங்க" என்றான். அவள் கண்டுகொள்ளவில்லை.

அந்தக் குளிர்காலம் அவளுக்கு அப்படியே கழிந்தது. நவம்பர் நடுவில் ஒருநாள் கழிவறைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், ஓட்டுநர் இருக்கையின் மெத்தை தலைகீழாகக் கிடந்தது. கருவிப் பெட்டியின் கொக்கி கழன்றிருந்தது. ஒன்றும் திருட்டுப் போகவில்லை. போகாததுதான் அவளைப் பயமுறுத்தியது. எடுக்க வந்தவன் இல்லை என்றால் வைக்க வந்தவனா? ஒரு புட்டியைக் கொண்டுவந்து அவள் இருக்கைக்குக் கீழே வைத்துவிட்டால் இருபத்தாறு வருடம் ஒரு நிமிடத்தில் போய்விடும். அன்றிலிருந்து வண்டியை விட்டு இறங்கும்போதெல்லாம் பெட்டியின் கொக்கியில் ஒரு நூலிழையைக் கட்டிவிட்டுப் போனாள். இன்னொரு தடவை அந்த நூல் அறுந்து கிடந்தது. ஓய்வறை இயந்திரத்தில் காபி குடிப்பதை நிறுத்தினாள். பிறந்தநாளுக்கு யாராவது சாக்லேட் நீட்டினால், உள்ளே மது ஊற்றியிருப்பார்களோ என்று பையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போய்க் குப்பையில் எறிந்தாள். வாய் கொப்பளிக்கும் மருந்தைக்கூட மாற்றிவிட்டாள். அடுத்தவர் கையால் அவள் வாங்கித் தின்றது பவ்லினாவின் பனீட்சாவை மட்டும்தான்.

நவம்பரில் ஆறு தடவை ஊதினாள். டிசம்பரில் ஏழு. ஜனவரியில் எட்டு.

பிப்ரவரி இரண்டாம் தேதி சீக்கிரமாகவே பணிமனைக்கு வந்தாள். ஓய்வறையில் யாரும் இல்லை. மூன்று மாதத்துக்கும் சேர்த்து எழுபத்திரண்டு நாளுக்குப் புதுக் கணக்குப் போட உட்கார்ந்தாள். யாராக இருந்தாலும் மூன்று மாதத்தில் ஒரு தடவையாவது பெயர் வந்திருக்குமே என்று நினைத்து முதல் வரியில் ஒன்று என்று அடித்து, அங்கிருந்து எழுபத்திரண்டு வரை இறக்கினாள். சூத்திரத்தைப் போட்டாள். இருபத்தொன்றிலிருந்து எழுபத்திரண்டு.

விடை வரவில்லை. கட்டத்தில் பிழை என்று காட்டியது.

மறுபடியும் அடித்தாள். மறுபடியும் பிழை. அந்தச் சூத்திரத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கொடுத்த வாய்ப்பு எல்லாவற்றையும் கூட்டினால் முழுசாக ஒன்று வர வேண்டும். இம்மி குறைந்தாலும் கணக்குப் போடாது. வரி வரியாகச் சரிபார்த்து வந்தவளுக்குக் கடைசியில்தான் தெரிந்தது. பூஜ்ஜியத்தை விட்டுவிட்டிருக்கிறாள். ஒரு தடவைகூடப் பெயர் வராமல் இருப்பது என்று ஒரு வரி வேண்டும்.

மேலே ஒரு வரியை நுழைத்துப் பூஜ்ஜியம் என்று அடித்தாள். பக்கத்தில் அதன் வாய்ப்பு வந்தது. பதினையாயிரத்தில் ஒன்று. கீழே, அவள் கேட்ட விடையும் வந்து நின்றது. இருபத்தொரு தடவை அல்லது அதற்கு மேல் ஒருவர் பெயர் வர ஏழாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பு. நாற்பத்தெட்டு பேரை வைத்துப் பெருக்கினாலும் இந்தக் கணக்கு தேறாது. கிரஸ்தியோ இனி லாட்டரி என்று சொல்ல முடியாது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் பார்வை மேல் வரியிலேயே நின்றது. ஆறு இடம்தான் இருக்கிறது. ஒன்பதோடு நிற்க வேண்டியவள் கூடுதலாகப் பன்னிரண்டு தடவை உட்கார்ந்திருக்கிறாள் என்றால், அந்தப் பன்னிரண்டு இடங்களிலிருந்து யாரோ எழுந்து போயிருக்க வேண்டும். ஆலையில் ஒரு பெட்டியில் காலுறை அதிகம் இருந்தால் இன்னொரு பெட்டியில் குறையும். இத்தனை நாளாகத் தன் பெயரையே எண்ணிக்கொண்டிருந்த மடத்தனம் உறைத்தது.

போனில் இருந்த எழுபத்திரண்டு படங்களையும் திறந்து, நாற்பத்தெட்டு பேருக்கும் கோடு போட ஆரம்பித்தாள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கான்ச்சோவுக்குப் பதினொன்று. இன்னொருவருக்கு ஐந்து. மற்றவர்கள் எல்லாம் ஏழு, எட்டு, பத்து என்று கணக்குக்கு அடங்கினார்கள். ஒரே ஒரு பெயருக்கு நேராக மட்டும் ஒரு கோடுகூட இல்லை.

திம்ச்சோ.

ஷிப்ட் அட்டவணையை எடுத்துப் பார்த்தாள். மூன்று மாதத்தில் ஒருநாள்கூட அவன் விடுப்பில் இல்லை. இரண்டாம் ஷிப்ட், ஏழாம் எண் வழித்தடம், பெரிய பள்ளிக்கூடத்தின் வாசல் வழியாகப் போகிற வண்டி. திம்ச்சோ பவ்லினாவின் தங்கை கணவன்.

அட்டவணையை மடித்து வைத்தாள். பட்டியலை ஒட்டுவது கிரஸ்தியோ, கையெழுத்துப் போடுவது கிரஸ்தியோ. ஆனால் குலுக்குவது யார்? அதை அவள் யாரிடமும் கேட்டதே இல்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. எதிரி யார் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் அப்புறம் கேட்க என்ன இருக்கிறது?

வாசலில் நின்ற காவலாளியிடம் போகிறபோக்கில் கேட்பது போலக் கேட்டாள். "குலுக்கல்லாம் யார் போடறது, மேலாளரா?"

"அவருக்கு எங்க அதெல்லாம் தெரியும்? நர்ஸம்மா அறையில இருக்கிற கம்ப்யூட்டர்ல போடுறது. அவரு கையெழுத்து மட்டும்தான்."

பன்னிரண்டரை மணி. பலகையில் அன்றைய பட்டியலில் அவள் பெயர் மூன்றாவதாக இருந்தது. மருத்துவ அறைக்குள் போனாள். பவ்லினா காபி ஊற்றிவிட்டுப் பனீட்சாத் தாளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்லாவ்கா உட்காரவில்லை.

"இன்னைக்கு யாருக்குப் பதிலா ஊதறேன், பவ்லினா?"

பவ்லினாவின் விரல்கள் தாளின்மேல் நின்றன. என்ன உளறுகிறாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட ஸ்லாவ்கா ஒரு கணம் தடுமாறியிருப்பாள்.

"உக்காருடி" என்றாள் பவ்லினா.

"உக்கார வரல."

"அவன் பேரு வர்றப்ப மட்டும்தான் மாத்தினேன். உன்னைக் கெடுக்கணும்னு இல்ல. வேற யாரைப் போடறது சொல்லு? கான்ச்சோவைப் போட்டா என்னைக்கு என்ன வரும்னு யாருக்குத் தெரியும்? நீ ஊதினா பூஜ்ஜியம். சாமி சத்தியமா அவ்வளவுதான். ஊதறதுல உனக்கு என்ன நஷ்டம்?"

"ஊரே என்னை மோந்து பாக்குது."

"அவனுக்கு வேலை போயிட்டா நாள் பூரா வீட்டுல கிடப்பான். அவன் வீட்டுல இருந்தா என் தங்கச்சி எப்படி இருப்பான்னு உனக்குத் தெரியாது. அவ முதுகை நான் பாத்திருக்கேன். வேலைக்குப் போற நேரத்துலதான் அவ மூச்சு விடறா."

 இரக்கமும் கோபமும் ஒன்றாக வந்தால் பேச்சு வராது. கடைசியில் வந்தது வேறொன்று.

"கிரஸ்தியோ அண்ணன்தான் செய்றாருன்னு உங்கிட்டதானே வந்து அழுதேன். அவரு கண்ணே சரியில்லாத ஆளுன்னு நீயும் சொன்னியே."

பவ்லினா பனீட்சாத் தாளை மறுபடியும் மடித்தாள்.

"இன்னைக்கு அவன் குடிச்சிருக்கானா?"

 பவ்லினாவின் கண் ஜன்னல் பக்கம் போய்த் திரும்பியது. அது போதும்.

முற்றத்தில் ஏழாம் எண் வண்டி வெளியே போக வரிசையில் நின்றது. திம்ச்சோ ஏறி உட்கார்ந்து கதவை மூடிவிட்டான். ஸ்லாவ்கா ஓடினாள். முன்னால் போய்க் கையை ஆட்டினால் அவன் நிறுத்துவான் என்ற நம்பிக்கை இல்லை. பின்பக்கம் போனாள். டிராலி பஸ்ஸின் கூரையிலிருந்து மின்கம்பியைத் தொட்டுக்கொண்டு நிற்கும் இரண்டு நீளக் கழிகளுக்கும் பின்னால் கயிறு தொங்கும். கம்பியிலிருந்து கழி கழன்றால் இழுத்து மாட்டுவதற்காக. இரண்டு கையாலும் பிடித்துத் தன் எடையைப் போட்டு இழுத்தாள். நீலப்பொறி ஒன்று சிதறியது. கழி இறங்கியது. நகரத் தொடங்கிய வண்டி இரண்டடி போய்ச் செத்துப்போன மாதிரி நின்றது.

"எவன்டா அவன்?" என்று கத்திக்கொண்டே திம்ச்சோ இறங்கி வந்தான். அவளைப் பார்த்ததும் குரல் மாறியது. "என்ன அக்கா விளையாட்டு இது?"

மூன்றடி தூரத்திலேயே வாடை வந்தது. முகத்தைச் சுளிக்காமல் நின்றாள்.

"ஊதிட்டுப் போ திம்ச்சோ."

"என் பேரு பட்டியல்ல இல்லையே."

"இருக்கு. என் பேருக்குள்ள இருக்கு."

அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, கயிற்றைப் பிடுங்க வந்தான். அவள் விடவில்லை. அதற்குள் நாலைந்து ஓட்டுநர்கள் கூடிவிட்டார்கள். கிரஸ்தியோ படியிறங்கி வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், கையில் ஊதுகருவியோடு, பவ்லினா.

அந்தக் கணத்தில் பவ்லினா நினைத்திருந்தால் என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம் என்று ஸ்லாவ்கா பின்னால் பலமுறை நினைத்தாள். கருவி கெட்டுப்போச்சு என்று சொல்லியிருக்கலாம். கை நழுவிக் கீழே போட்டிருக்கலாம். அப்படி எதுவும் செய்யவில்லை. புதுக் குழாய் ஒன்றைப் பிரித்து மாட்டி, தங்கை கணவனின் வாயருகே நீட்டி, "ஊது" என்றாள். வந்த எண்ணைச் சத்தமாகப் படித்தாள். பூஜ்ஜியம் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி ஒன்பது. தன் கையாலேயே பதிவேட்டில் எழுதினாள். கீழே, பெயர்களை மாற்றியது தான்தான் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கிரஸ்தியோவிடம் கொடுத்துவிட்டு, மேலங்கியை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனாள். ஸ்லாவ்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

விசாரணை இரண்டு வாரம் நடந்தது. திம்ச்சோவின் உரிமத்தைப் பறித்துக்கொண்டார்கள். பவ்லினாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸாகச் சேர்ந்ததாகச் சொன்னார்கள். இப்போது குலுக்கலை நகராட்சி அலுவலகத்திலிருந்தே அனுப்புகிறார்கள்.

விசாரணை முடிந்த அன்று ஸ்லாவ்கா கிரஸ்தியோவின் அறைக்குப் போனாள்.

"அண்ணே, நான் உங்களைத்தான் சந்தேகப்பட்டேன். சொல்லணும்னு தோணிச்சு."

"தெரியும்" என்றார் அவர்.  "நானும் உன்னைச் சந்தேகப்பட்டேன். இத்தனை தடவை பேரு வருதே, மிஷினுக்கே தெரிஞ்சிருக்குன்னு நினைச்சேன். ரெண்டு தடவை உன் வண்டியில ஏறிப் புட்டி தேடினேன்."

"மெத்தையைத் திருப்பிப் போட்டது நீங்களா?"

"ஆமா. அதை ஒழுங்கா வச்சிட்டு வரத் தெரியல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்திருக்கும், ஆனால் சிரிக்கவில்லை. மேலாளர் அல்லவா? பிரேக் அறிக்கையைப் பற்றி இருவரும் பேசவில்லை. அந்த விஷயத்தில் அவர்மேல் அவளுக்கு இருந்த கசப்பு அப்படியேதான் இருந்தது.

எல்லோரும் தன்னைப் புரிந்துகொள்வார்கள், தலைக்கு மேல் இருந்த பழி நீங்கிவிடும் என்று நினைத்திருந்தாள். பழி நீங்கியது. அந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. ஓய்வறையில் அவள் சாமான் வைக்கும் அலமாரியின் கதவில் யாரோ ஆணியால் 'காட்டிக்கொடுப்பவள்' என்று கீறியிருந்தார்கள். அந்த ஊரில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்தச் சொல் சாதாரண வசவு அல்ல. பழைய ஆட்சியில் யார் யாரைப் பற்றி ரகசியப் போலீசுக்கு எழுதிக்கொடுத்தார்கள் என்று பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். அவள் நுழைந்ததும் ஓய்வறையில் பேச்சு நிற்கும். "கணக்கு அக்கா வந்துட்டாங்க, மூச்சு விடாதீங்க" என்று கான்ச்சோ சொல்வான். முன்பு போல அவளுக்கு பதிலுக்கு வெட்டிப் பேசத் தோன்றவில்லை. யார் கீறியிருப்பார்கள் என்று ஒவ்வொரு கையாகப் பார்த்தபடி காபி குடிப்பாள்.

மார்ச்சில் ஒருநாள் பகலில் வீட்டு அழைப்பு மணி அடித்தது. திறந்தால் பவ்லினாவின் தங்கை. குளிர் இல்லாத நாளில் கழுத்து வரை பொத்தான் போட்டிருந்தாள்.

"உள்ள வா."

"இல்ல." வாசற்படியிலேயே நின்றாள். "அவன் இப்ப நாள் பூரா வீட்டுலதான் இருக்கான். உங்களுக்குத் தெரியணும்னு வந்தேன்."

திட்ட வந்திருந்தால் தாங்கியிருப்பாள். "நான் என்ன செய்யட்டும், சொல்லு" என்றாள் ஸ்லாவ்கா.

"பள்ளிக்கூடத்து வழியில குடிச்சிட்டுதான் ஓட்டினான்னு எனக்கும் தெரியும். நானும் சொல்லலதானே."

சொல்லிவிட்டு இறங்கப் போனாள். ஸ்லாவ்கா அவள் கையைப் பிடித்தாள். உள்ளே உட்காரவைத்து, ஒரு மணி நேரம் கழித்து, அவளுக்காக முதியோர் இல்லத்துக்குப் போன் செய்து பவ்லினாவைக் கூப்பிட்டாள். எதிர்முனையில் பவ்லினாவின் குரல் கேட்டதும் ஒன்றும் பேசாமல் போனைத் தங்கையிடம் கொடுத்துவிட்டாள். அன்று மாலையே தங்கை ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். திம்ச்சோ இரண்டு தடவை அங்கே போய்க் கதவைத் தட்டினான். பவ்லினா திறக்கவில்லை. மே மாதத்தில் அவன் ஊரைவிட்டுக் கப்பல்துறை வேலைக்குப் போய்விட்டதாகத் தெரியவந்தது.

ஜூன் மாதம் ஒரு மதியம் நல்ல மழை. மருத்துவமனை நிறுத்தத்தில் ஸ்லாவ்கா வண்டியை நிறுத்திக் கதவுகளைத் திறந்தாள். நிறுத்தத்துக்கு அப்பால் ஒரு பெண் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வண்டியைப் பிடிக்க ஓடி வந்தாள். ஸ்லாவ்கா கதவை மூடாமல் காத்திருந்தாள். முன்கதவுக்குப் பத்தடி இருக்கும்போது அந்தப் பெண் ஓட்டுநரைப் பார்த்துவிட்டு நின்றாள். பவ்லினா. தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. கொஞ்சம் மெலிந்திருந்தாள்.

"ஏறு" என்றாள் ஸ்லாவ்கா. மழைச் சத்தத்தில் கேட்டதா தெரியவில்லை.

பவ்லினா நீ போ என்று கையைக் காட்டினாள். கோபமான கையசைப்பாகத் தெரியவில்லை. நிழற்கூரைக்குக் கீழே ஒதுங்கி, அடுத்த வண்டி வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

பின்னால் பயணிகள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். ஸ்லாவ்கா இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கதவை மூடிவிட்டு வண்டியை எடுத்தாள்.